பொறுக்கிக் கொடுத்த எள்ளு

சங்கராந்தியன்று மைசூரில் வீடு வீடாக எள்ளு கொடுப்பார்கள். பெயர்தான் எள்ளு. வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை எல்லாம் அதில் கலந்திருக்கும். "எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிக் கையில் தருவது வழக்கம். இந்த வருடம் அதைத் தின்ற என் மகளுக்குச் சற்று நேரத்தில் மூச்சு இழுக்க முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு என் வாயில் நல்ல பேச்சு வரவில்லை.

ஆறாவது படிக்கிறாள். நிலக்கடலை அவள் உடம்புக்கு ஆகாது. இது தெரிந்த நாளிலிருந்து 'நட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு எனக்குச் சண்டை. டாக்டர் எழுதியது நட் அலர்ஜி. பள்ளிக்கூட வாசலில் 'நட் கொண்டுவரக் கூடாது' என்று ஒரு பலகை. அங்கே யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த தேங்காய் பர்பியைத் திருப்பி அனுப்பினார்கள். கோகனட்டிலும் நட் இருக்கிறதாம்! அதே வாரம் கேன்டீனில் நிலக்கடலை மணக்க மணக்கச் சித்ரான்னம். போய்க் கேட்டேன்.

"தாளிப்புல போட்டதுதானே மேடம்? முந்திரி ஒண்ணுகூடப் போடல" என்றார் பொறுப்பாளர்.

அகராதியைப் புரட்டினேன். ஓடு கெட்டியான மரக்கொட்டைகளுக்கு வெள்ளைக்காரன் தன் ஊரில் வைத்திருந்த பழைய பெயர் அது. பிறகு கடல் கடந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் அதையே ஒட்டிவிட்டான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை பட்டாணிக்கு உறவு. அவனே அதைப் பட்டாணி என்றும் சொல்லி, நட் என்றும் சொல்லிப் 'பீநட்' ஆக்கினான். நம்மவர்கள் அதைக் கடலையோடு சேர்த்தார்கள். கன்னடத்திலும் அது கடலைக்காய்தான். ஆகவே இந்த ஊரில் நட் என்றால் டப்பாவில் விற்கிற முந்திரியும் பாதாமும். மூட்டையில் வருவது நட் ஆகுமா? அந்த அந்நியச் சொல்லை நம்பி என் பெண்ணின் உயிரை வைத்திருக்கிறார்களே என்று குமுறுவேன்.

அதனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை. கொள்ளேகால் தமிழச்சி. மைசூரில் இந்த விஜயநகர்ப் பகுதிக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து பழக்கம். அவள் வீட்டில் நிலக்கடலைக்குக் கல்லக்கா என்று பெயர். "கல்லக்கா அவளுக்கு ஆகாது" என்றுதான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவளும் மறக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மகளின் உதட்டு வீக்கம் வடிந்து வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, பாப்பாவுக்குன்னு நானே உக்காந்து பொறுக்கினேனுங்க. ஒரு பருப்பு இல்லீங்க அதுல."

கலந்து வைத்த எள்ளிலிருந்து நிலக்கடலையை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறாள். பண்டிகையன்று பிள்ளை வெறுங்கையோடு நிற்கக் கூடாதாம்.

"பொறுக்கினா போயிடுமா? தூள் இருக்கும்ல? வெல்லத்துல ஒட்டியிருக்கும்ல?" தெருவே கேட்கும்படி கத்தினேன். "கல்லு பொறுக்கறதுக்கு இது என்ன அரிசியா?"

"அம்மா, பிடு" என்றாள் மகள், தொண்டை கட்டிய குரலில். விடு என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். "ஆன்ட்டி அழறாங்க பாரு."

அழட்டும் என்றுதான் இருந்தது. இத்தனை நாள் எல்லாப் பழியையும் ஓர் ஆங்கிலச் சொல்லின் தலையில் போட்டிருந்தேன். சொந்தச் சொல்லில் சொல்லியும் இதுதான் நடந்திருக்கிறது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப கல்லக்கா வறுத்த சட்டியில வேறெதையாச்சும் வறுத்தாக்கூட ஆகாதுங்களா அக்கா?"

பலகை மாட்டிய பள்ளிக்கூடம் இன்றுவரை கேட்காத கேள்வி. என் கோபம் தணியவில்லை. ஆனாலும் கதவை அகலத் திறந்து, "உள்ள வா. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றேன்.