பீலெஃபெல்டில் ஒரு ஹவாய் வாசல்

வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு நானும் மனைவி சாந்தியும் பேர்லினில் ரயில் ஏறினோம். ஹவாய் மொழியும் இசையும் படிக்கிறவர்கள் விமானம் ஏறுவார்கள். நாங்கள் போனது ஜெர்மனிக்குள்ளேயே இருக்கிற பீலெஃபெல்டுக்கு. ரயில் ஹனோவரில் எல்லோரையும் இறக்கிவிட்டது. தண்டவாளத்தில் வேலையாம், மிச்சம் நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டுமாம். நான் பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன். லீவு எடுத்ததும் இன்னொரு பஸ்ஸில் ஏறி உட்காரத்தானா? சாரதி வேறு ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்க, நான் வாய்விட்டே திட்டினேன்.

"நீங்கள் ஓட்டேல்லை எண்டதுக்காக அந்த மனுசனைத் திட்டாதேங்கோ," என்றாள் சாந்தி.

இந்தக் கூத்து எதற்கென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் துளசி எரிமலை ஆராய்ச்சிக்கென்று ஹவாய்த் தீவில் ஹீலோ என்ற ஊருக்குப் போனவள். போன இடத்தில் கெயோனி என்ற பள்ளி வாத்தியாரை விரும்பி, கலியாண மண்டபமும் பேசி முடித்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் வாசலில் நின்று பாடி, உள்ளே வரலாமா என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து பதில் பாடினால்தான் படி ஏறுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாடிக் கேட்க, பெண்ணின் தகப்பன் நான் பதில் பாட வேண்டுமாம்.

"நாலு வரிதானே அப்பா," என்றாள் போனில்.

நாலு வரி கிடக்கட்டும், அந்தக் கலியாணமே எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. அந்தப் பையனோடு நான் ஒரு சொல் பேசியதில்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் சாந்தி என்னைக் கேட்காமலே இந்த இரண்டு நாள் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். ஆளுக்குத் தொண்ணூறு யூரோ, சாப்பாடு சேர்த்து.

சனி காலை. ஊருக்கு வெளியே ஒரு தேவாலய மண்டபம். நவம்பர் மழை, ஹீட்டர் வேலை செய்யவில்லை, அதற்குள் பூப்போட்ட அரைக்கைச் சட்டையோடு பத்து ஜெர்மன்காரர்கள். ஆசிரியை ஹைக்கே பல வருடம் ஹீலோவில் இருந்தவர். என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். என்னை "ரவி, ரவி" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மொழி சின்னதுதான். உயிரெழுத்து ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. மெய் எட்டு, அதில் ஒன்று தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் வெறும் தடை. எந்தச் சொல்லும் உயிரில்தான் முடியும். குறிலையும் நெடிலையும் பத்துப் பேரும் குழப்பியடிக்க, எங்கள் இருவருக்கும் அது தண்ணீர்பட்ட பாடாக இருந்தது. ஒரு காலத்தில் இந்த மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள் என்றும், இப்போது முழுப் பாடமும் அதிலேயே நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன என்றும் ஹைக்கே சொன்னார். கெயோனி படிப்பிப்பது அப்படி ஒரு பள்ளியில்தான். சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையிலிருந்த உகுலேலே என்ற குட்டிக் கிற்றாரைப் பார்த்தேன்.

அது இன்னொரு தலையிடி. நாலு கம்பி. மேல் கம்பி தடித்த சத்தம் தரும் என்று பார்த்தால் கீச்சென்கிறது. மத்தியானச் சாப்பாடு 'ஹவாய் டோஸ்ட்'. பாணுக்கு மேல் பன்றி இறைச்சி, அன்னாசி, சீஸ். ஹவாயில் இதை யாருக்கும் தெரியாதாம், ஜெர்மனியில் கண்டுபிடித்ததாம். இதற்கும் சேர்த்துத்தான் தொண்ணூறு யூரோ.

ஞாயிறு காலை, வாசல் பாட்டு. இதற்கு வாத்தியம் இல்லை, தாளமும் இல்லை. ஒரே மூச்சில் இழுத்து, முடிவில் குரலை நடுங்கவிட வேண்டும். ஹைக்கே என்னை மட்டும் உள்ளே நிறுத்திவிட்டு, சாந்தி உட்பட எல்லோரையும் மழைக்குள் கொண்டுபோனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவர்கள் பாடி முடித்தார்கள். இனி என் முறை.

நாலு வரியும் எனக்கு மனப்பாடம். முதல் நாள் இரவே சாந்திக்குப் பிழையில்லாமல் சொல்லிக் காட்டியிருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. இதைப் பாடினால் கலியாணத்துக்குத் தலையாட்டியதாகிவிடும் என்று ஒரு வீம்பு. அவர்கள் திரும்பவும் பாடினார்கள். பிறகும் பாடினார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, கதவைத் திறந்தேன்.

"நனையாமல் உள்ளே வாருங்கள்," என்றேன் ஜெர்மனில்.

"பாடினால்தான் வருவோம்," என்றார் ஹைக்கே.

"பாடாவிட்டால்?"

"நிற்போம். எவ்வளவு நேரம் என்பது வீட்டுக்காரரின் விருப்பம்."

"இஞ்சாருங்கோ," என்றாள் சாந்தி, மூக்குக்கண்ணாடியில் மழை வழிய. "அந்தப் பெடியனும் எட்டு மாசமா உப்பிடித்தானே நிக்குது."

ஒவ்வொரு ஞாயிறும் துளசி வீடியோவில் கூப்பிடும்போது அவன் எட்டிப் பார்த்து "வணக்கம் மாமா" என்பான். நான் எழும்பிக் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். அடுத்த ஞாயிறும் அவன் சொல்வான். எனக்கு வெட்கமாகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பாடினேன். மூன்றாவது வரி எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் வந்தார்கள். அங்கத்தைய முறைப்படி ஒவ்வொருவராக நனைந்த நெற்றியையும் மூக்கையும் என்னோடு முட்டினார்கள். ஹவாய் முறை என்றால் இதையுமா பொறுத்துக்கொள்ள வேண்டும்?

பின்னேர ரயிலில் உட்கார இடமில்லை. கழிவறை வாசலில் நின்றபடி சாந்தி துளசியைக் கூப்பிட்டாள். அங்கே விடிந்துகொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் யாரும் வாசலில் நின்று பாடுவதில்லை, வந்தவரைக் கண்டதும் நாங்களே முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடுவோம் என்று ஹைக்கேயிடம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன். திரையில் கெயோனியின் முகம் வந்தது.

"வணக்கம் மாமா."

போனைச் சாந்தியிடமிருந்து வாங்கினேன். "வாரும் தம்பி," என்றேன். "சாப்பிட்டீரோ?"

துளசி அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் ஏதோ பொல்லாத வார்த்தை சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.