முன்சீட்டில் மூன்று நாடு

ரங்கூனின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் வேனில் ஏறியவர்கள்: கடலோர நாட்டு அதிகாரி ஜோசப். ஏரி நாட்டு அதிகாரி கிரேஸ் அம்மா. மலை நாட்டு அதிகாரி டாக்டர் பிலிப். லாரிக்காரர்கள் சார்பில் நான். ஓட்டியவர் முத்து.

நாடுகளின் சரியான பெயரை எழுதவில்லை. மூன்றிலும் என் லாரி ஓடுகிறது. மூன்றும் எனக்குச் சோறு போடுகின்றன.

நான் பரமக்குடிப் பக்கம். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. மெக்கானிக்காக ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போனவன். இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் மாவு மூட்டை ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்புவது தொழில். கடலோர நாட்டிலும் ஏரி நாட்டிலும் வண்டி இடது ஓரம் ஓடும், ஸ்டியரிங் வலது பக்கம். மலை நாட்டில் எல்லாம் நேர் எதிர். எல்லைப் பாலம் தாண்டியதும் ஓரம் மாறி ஓட்டுவோம். யாரும் கேட்டதில்லை. 2004-இல் மலை நாடு கேட்டது. வலது ஸ்டியரிங் லாரி இனி உள்ளே வரக்கூடாது என்றது. நாங்கள் ரங்கூனிலிருந்து கிளம்பும் நாளில் தடை தொடங்குவதாக இருந்தது. தடை வந்தால் பாலத்தில் லாரியைக் காலி செய்து, மூட்டைகளைத் தலைச்சுமையாக அக்கரைக்குக் கொண்டுபோய் வேறு லாரியில் ஏற்ற வேண்டும்.

மூன்று நாடும் சேர்ந்து வியாபாரம் செய்ய ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஒரே சாலை, ஒரே சுங்கம். பணம் தருவது ஐரோப்பாவில் ஓர் அமைப்பு. முதலில் ஸ்டியரிங் சண்டையைத் தீர்த்துக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு பணம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு எதற்கு ரங்கூன் என்றால், இங்கே வண்டிகள் வலது ஓரம் ஓடுகின்றன, ஆனால் எல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பழைய வலது ஸ்டியரிங் வண்டிகள். அப்படி ஓடினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். எங்கள் எல்லையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் அது தெரியும். நாங்கள் மூன்று விமானம் மாறி வந்தோம்.

முதல் நாள், காலை. விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவே எங்கள் ஹோட்டல் இருக்கும் கியாக்டடாவுக்குப் பதினைந்து கிலோமீட்டர். கிளம்பவே அரை மணி ஆனது. முன்சீட்டு மரியாதைச் சீட்டு, அதில் யார் உட்காருவது என்று பேச்சு. கடைசியில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். எனக்கு முறை இல்லை.

முத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே தமிழா? மூஞ்சியப் பாத்தே நெனச்சேன்."

அவருக்கு ரங்கூனிலேயே தின்கன்ஜூனில் வீடு. தாத்தா காலத்தில் வந்த குடும்பம்.

"முன்சீட்டுக்கு இவ்ளோ சண்டையா? இங்க அது வேல பாக்குற சீட்டுண்ணே. முன்னால லாரி போனா எதிர வர்றது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கிறவருதான் எட்டிப் பாத்து 'போ'ன்னு சொல்லணும். பஸ்ஸுல அதையும் சபேயா பாத்துக்குவான்."

சபேயா என்றால் கண்டக்டர்.

"உன் சபேயா எங்கே?"

"பெரிய ஆளுங்க வர்றாங்க, சீட்டு வேணும்னு மொதலாளி எறக்கி விட்டுட்டாரு."

அன்று முன்சீட்டு ஜோசப்புக்கு. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொன்னார். ஊர் வந்து சேர்ந்தோம். சூலே பகோடா பக்கம் பஸ்கள் நின்றன. அவற்றில் சிலவற்றுக்குக் கதவு நடுரோட்டுப் பக்கம். ஜனங்கள் ஓடும் கார்களுக்கு நடுவே இறங்கினார்கள். டாக்டர் பிலிப் அதைப் படம் எடுத்தார்.

இரண்டாம் நாள் கிரேஸ் அம்மா முறை. நல்ல கண். சுவாஹிலியில் "ட்வெண்டே!" என்று கத்துவார். போகலாம் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் முத்துவும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் ஹோட்டலில். கரண்ட் போனது, மின்விசிறி நின்றது, பேச்சு நிற்கவில்லை. "அனுமதிக்கப்படும்" என்று எழுதுவதா, "அனுமதிக்கப்படலாம்" என்று எழுதுவதா? ஒரு பகல் முழுக்க அதற்கே போனது. வெளியே போய் டீ குடித்தேன். நூறு கியாட். திரும்பி வந்தேன். அதே வார்த்தையில் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முடிந்தது. இரண்டு ஸ்டியரிங்கும் அனுமதிக்கப்படும். டாக்டர் பிலிப்பும் தலையாட்டினார். நான் மேசைக்கு அடியில் கையை இறுக்கிக்கொண்டேன்.

தாளைத் தட்டச்சு செய்ய வேண்டும், இரண்டரைக்குக் கையெழுத்து. பணம் தரும் அமைப்பின் மார்ட்டா அம்மாளுக்கு அன்றே விமானம், அதற்குமேல் இருக்க முடியாது என்றார். சரி, இங்கேயே இருப்போம் என்றேன். நிகழ்ச்சி நிரலில் அலோன் படகுத்துறை இருக்கிறதே என்றார்கள். போனோம். லாரியில் அரிசி ஏற்றுவதைப் பார்த்தோம். எல்லா ஊரிலும் அப்படித்தான் ஏற்றுவார்கள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். நாலு கிலோமீட்டர். கால் மணி நேர வேலை. முன்சீட்டில் டாக்டர் பிலிப்.

ஆற்றோரச் சாலையில் மரம் ஏற்றிய ஒரு கிழட்டு லாரி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நடக்கிற வேகம். முத்து கேட்டார். நான் சுவாஹிலியில் சொன்னேன்.

"ஐயா, எதிரே பார்த்துச் சொல்லணுமாம்."

"சொல்ல முடியாது. கையெழுத்து ஆகும்வரை ஸ்டியரிங் விஷயத்தில் என் நாட்டுக்கு நிலைப்பாடு இல்லை. நான் 'போ' என்றால் ஒப்புக்கொண்டது போல ஆகும்."

கிரேஸ் அம்மா சொன்னார்: "டாக்டர், ரோடு காலியா இல்லையா? அதற்கும் மந்திரிசபையைக் கேட்கணுமா?"

"கேட்டால் நல்லது."

"நான் முன்னால வரட்டுமா ஐயா?" என்றேன்.

"இன்று என் நாட்டின் முறை."

ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு வண்டி இல்லை. "போ முத்து!" என்றேன். முத்து வண்டியை ஒடித்தார். டாக்டர் கையை ஓங்கி நிறுத்தினார்.

"அரசு வேலைக்கு வந்த வண்டியில் தனியார் உத்தரவு போடுவதா?"

முத்து மறுபடி லாரிக்குப் பின்னால் வந்தார்.

"நா யாரு பேச்சக் கேக்குறதுண்ணே? வாடக குடுக்குறது அவங்க."

ஒரு சைக்கிள் ரிக்ஷா எங்களை முந்திப் போனது. அதில் இருந்த கிழவர் கை காட்டினார். ஜோசப் பதிலுக்குக் கை காட்டினார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மேசையில் தாள் இருந்தது. பேனாக்கள் இருந்தன. மார்ட்டா அம்மாள் இல்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லிப் போனாராம். அடுத்த கூட்டம் அடுத்த வருஷம்.

டாக்டர் பிலிப் உட்கார்ந்தார். கூட்டக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "வலது ஸ்டியரிங் வண்டியால் தாமதம் உண்டாவதை நேரில் கண்டோம்."

சேர்த்தார்கள்.

மறுநாள் காலை முத்து சொந்த டாக்சியில் என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். மூவாயிரம் கியாட். நான் முன்னால் உட்கார்ந்தேன். போ என்றேன், போனார். இரு என்றேன், இருந்தார்.

"அண்ணே, சபேயா வேல போட்டுத் தரட்டுமா?"

"சம்பளம்?"

"டீயும் ஒரு தட்டு மொஹிங்காவும்."

"பரவாயில்ல. கூட்டத்துல எனக்கு அதுவும் இல்ல."

இந்த ஊரில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தப்பான பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் சரியான பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

விமான நிலையத்தில் தொலைபேசி கிடைத்தது. என் டிரைவர் ஜுமாவைக் கூப்பிட்டேன்.

"எங்கே நிக்கிறே?"

"பாலத்துல, முதலாளி. உள்ள விடல. கையெழுத்து ஆச்சா?"

"இல்ல. இறக்கு."

"ஆள் பிடிக்கணும். எத்தனை மூட்டைன்னு கேக்கிறாங்க."

"அறுநூறு."