சோதித்துப் பார்க்காத நகல்

பகாவ் ஊரைத் தாண்டி, பாமாயில் பிழியும் ஒரு செம்பனை ஆலையிலிருந்து காலையில் அழைப்பு வந்தது. லாரிகளை எடைபோடும் கணினி எழும்பவில்லையாம். பழைய யூனிக்ஸ் இயந்திரம். அதைப் பராமரிப்பது என் வேலை. நீலாயிலிருந்து காரில் கிளம்பினேன். வாரம் ஒருமுறை அது தன் கோப்புகளை வேறொரு வட்டில் தானாக நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்தவன் நான்தான். ஆனால் அந்த நகலிலிருந்து ஒரு தடவைகூட மீட்டுப் பார்த்ததில்லை.

ஆலை வாசலில் பழக்குலைகளோடு லாரிகள் வரிசையாக நின்றன. எடை அறையில் கணக்கெழுதும் கிராணி அக்கா, தராசு காட்டும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதி, ஒவ்வொரு லாரியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வரிசை குறையவே இல்லை.

கணினியைத் திறந்து பார்த்தேன். இயங்குதளம் இருந்த வட்டு செத்துப்போயிருந்தது. புதியதை மாட்டினேன்.

"தம்பி, இதெல்லாம் முன்னாடி செஞ்சி பார்த்திருக்கீங்கதானே?"

"செஞ்சிருக்கேன்க்கா."

பொய். கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டேன்.

நான் கொண்டுவந்த நிறுவல் குறுந்தட்டிலிருந்து இயந்திரத்தை எழுப்பி, நகலைப் புதிய வட்டில் இறக்கத் தொடங்கினேன். அதற்குமேல் எனக்கு வேலை இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வெளியே போனேன், திரும்பி வந்தேன். ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னும் லாமாவா பாஸ், எவ்ளோ நேரந்தான்? பழம் வெயில்ல கெட்டுரும் லா."

"கொஞ்ச நேரம்தாண்ணே."

நகல் பிழையில்லாமல் இறங்கியது. மறுபடி எழுப்பினேன். கறுப்புத் திரை. கோப்புகள் எல்லாம் வந்திருந்தன. ஆனால் வட்டின் தொடக்கத்தில் உள்ள, இயந்திரத்தை எழுப்பும் சின்ன நிரல் நகலில் வராது, தனியாக எழுத வேண்டும். படித்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டது. எழுதினேன். இந்த முறை வரிகள் ஓடி, பாதியில் நின்றன. செத்த வட்டின் அடையாளத்தையே அது இன்னும் தேடிக்கொண்டிருந்தது. ஒரு கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். மூன்றாவது முறை முழுதாக எழும்பி, பயனர் பெயரைக் கேட்டது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அக்கா நோட்டில் இருந்ததையெல்லாம் கணினியில் ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்து, இதை முன்பு செய்து பார்த்ததே இல்லை என்ற உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் லா," என்றார். "அப்ப நீங்க என் முகத்தைப் பாக்கல. சரி, என்னென்ன செஞ்சீங்கன்னு வரிசையா எழுதிக் குடுங்க. அடுத்த தடவை யார் வருவாங்களோ."

எழுத உட்கார்ந்தேன். நான்காவது படிக்கு முந்தி ஐந்தாவதைச் செய்தேனா என்று சந்தேகம் வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.