அக்கா பார்த்த ஒரு அடி

காலை ஆறு இருபதுக்குச் செம்பூர் வீட்டின் வாசலில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது அத்தானின் வலது கை. அது அக்காவின் நெற்றிமேல் இருந்தது. நான் வந்தது தெரிந்தும் அவர் அதை எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். கட்டடம் முழுவதும் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்கு வயது அறுபது.

இன்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும், அக்காவைப் பற்றிய அந்த ஒரு பேச்சைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். ‘புருஷன் வேலையைப் பறித்தவள்’ என்று அது தாராவியிலிருந்து திருநெல்வேலி வரை போயிருக்கிறது. அதை இதில் எழுத வேண்டாம், குணத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதினால் போதும் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். எழுதச் சொன்னவர் அத்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாங்குநேரிக்கு அருகே ஒரு சிற்றூரில். மூன்று வயதில் பெற்றோருடன் தாராவிக்கு வந்தார். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மா காலையில் இட்லி அவித்து விற்றார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரையும், பிறகு மாட்டுங்காவிலும் அக்கா படித்தார். அப்பா நுரையீரல் கெட்டு இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அதன் பின்னும் படிப்பை விடவில்லை. ஊரில் சித்தி வீட்டில் தங்கி ஆசிரியர் பயிற்சியை முடித்துத் திரும்பி, நம் மக்கள் தாராவியில் நடத்திய ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். தொடக்கத்தில் சம்பளம் நினைத்தபோதுதான் வரும்.

அத்தான் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர். திருமணத்துக்குப் பிறகு இருவரும் செம்பூரில் குடியேறினார்கள். ஒரே மகள். தினமும் குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, பள்ளிக்குச் சேர்ந்து நடந்து போவார்கள். அத்தானைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. பள்ளி விட்ட பிறகும் பின்தங்கிய பிள்ளைகளை உட்காரவைத்துக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவரிடம் படித்தவர்கள் இன்று வங்கிகளிலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அடிக்க அவர் கை நீளும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் ஒரு குறையாக எண்ணியதில்லை.

அக்காவை இனிமையான ஆசிரியை என்று சொல்ல முடியாது. பிள்ளை தாமதமாக வந்தால் மறுநாள் பெற்றோர் வந்து நிற்க வேண்டும். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் டியூஷன் எடுத்ததில்லை. தீபாவளிக்கு யாராவது இனிப்புப் பெட்டி கொண்டுவந்தால் வகுப்பிலேயே பிரித்து, கொண்டுவந்த பிள்ளை உட்பட எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். பிரம்பைத் தொட்டதே இல்லை.

ஜூன் மாதச் சேர்க்கையின்போது தாராவித் தகப்பன்மார்கள் பள்ளியில் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. இசக்கி என்ற பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அவன் தகப்பனாரும் அதைத்தான் சொன்னார். அவர் தோல் பை தைக்கும் கார்கானா ஒன்றில் வேலை செய்பவர்.

“டீச்சர், கண்ணு முழிய மட்டும் விட்டுருங்க. மத்தபடி தோல உரிச்சுப் போடுங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

“அண்ணாச்சி, தோல் வேலய உங்க கார்கானாவோட வச்சுக்கிடுங்க. இங்க பாடம் மட்டும்தான்” என்றார் அக்கா.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தகப்பனாரும் சிரித்தார்.

இசக்கி ஏழாம் வகுப்புக்கு வந்தபோது அவனுக்குக் கணக்கு எடுத்தவர் அத்தான். அடுத்த அறை அக்காவின் ஆறாம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. ஒரு திங்கட்கிழமை மதியம், தடுப்பை ஒட்டிய அலமாரியில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டிருந்த அக்கா, அந்தப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினார். அத்தானின் கை இசக்கியின் இடது காதுமேல் இறங்குவதைப் பார்த்தார். பையன் பெஞ்சின் மேல் சாய்ந்தான். மாலையில் அவன் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. செவிப்பறை கிழிந்ததோடு உள்காதும் கெட்டுவிட்டது, அந்தக் காதில் இனிக் கேட்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

பள்ளியில் பிள்ளைகளை அடிப்பது அப்போதே சட்டப்படி குற்றம். மருத்துவமனையிலிருந்து கல்வித் துறைக்குத் தகவல் போய், விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பையன் பெஞ்சில் இடித்துக்கொண்டான் என்று முடித்துவிட நிர்வாகம் தீர்மானித்தது. பத்தாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை என்று தகப்பனாருக்குச் சொல்லப்பட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பயத்தில் வாய் திறக்கவில்லை. மீதி இருந்தவர் அக்கா ஒருவர்தான். பள்ளியின் செயலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“எதுக்கு டீச்சர் வீணா லஃப்டா, வம்பு? நீங்க பொய் சொல்லவே வேணாம். பாக்கலன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான்.”

“பாத்தேனே” என்றார் அக்கா.

அன்று மாலை அம்மாவும் நானும் செம்பூருக்குப் போனோம். அக்கா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தான் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா தொடங்கிவிட்டார்.

“ஏட்டி, கட்டுன புருஷன் சோத்துல மண்ணள்ளிப் போடப் போறியா? பாக்கலன்னு சொன்னா உன் நாக்கு அழுகியா போயிரும்?”

“எங்கிளாஸ்ல ஒருத்தன் பென்சிலக் களவாண்டா, பாத்தவன் எந்திச்சு சொல்லணும்னு நாந்தானம்மா சொல்லிக் குடுக்கேன்.”

“அது பென்சிலு. இது பொழப்புட்டி.”

“இது காதும்மா.”

அக்கா கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அத்தானிடம் சொன்னார்: “நீங்களே சொல்லிருங்க. விசாரணைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க சொல்லிட்டா நான் சொல்ல வேண்டியதே இல்ல.”

“பெஞ்சுல இடிச்சுக்கிட்டான்” என்றார் அத்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு நாளும் போயின. விசாரணையில் முதலில் கூப்பிடப்பட்டவர் அத்தான். கை ஓங்கியது உண்மை, அடிக்கவில்லை என்றார். அடுத்து அக்கா. கல்வித் துறை அதிகாரி இந்தியில் கேட்டார். அக்கா வேண்டுமென்றே தமிழில் பதில் சொன்னார். அதை மொழிபெயர்க்கும் வேலை செயலாளருக்கு வந்தது. அவர் ஒரு சொல்லை விட்டபோது அக்கா இந்தியிலேயே அதை எடுத்துச் சொன்னார்.

“ஒரு அடி. வலது கை. பையனோட இடது காதுமேல.”

அதற்கு முன் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார்.

“சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன். திரும்புன பிறகு பாத்தது ஒண்ணு. பாக்காதத என்னால சொல்ல முடியாது.”

கடைசியாகத் தகப்பனார். “நாந்தான் சார் அடிங்கன்னு சொன்னேன். சேக்கும்போதே சொல்லிட்டேன்” என்றார். “நான் வேண்டாம்னு சொன்னேம்லா, அண்ணாச்சி” என்று அக்கா சொன்னார். தகப்பனார் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். போலீசில் புகார் கொடுக்கவில்லை. விசாரணையின் முடிவில் ஒரு அடி என்று பதிவாயிற்று. அத்தானுக்கு வேலை போயிற்று.

அதன் பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அத்தான் பல மாதங்கள் மகள் வழியாகவே அக்காவிடம் பேசினார். “அம்மாகிட்ட சாவிய எங்க வச்சான்னு கேளு” என்பார், அக்கா பக்கத்தில் நிற்கும்போதே. பின்னர் மாட்டுங்காவில் ஒரு மளிகைக் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. காலையில் இருவரும் ஒரே வண்டியில் போனார்கள், அக்கா பெண்கள் பெட்டியில், அத்தான் பொதுப் பெட்டியில். சயானில் அக்கா இறங்குவார். அத்தான் அடுத்த நிலையத்துக்குப் போவார்.

பள்ளியில் அக்காவோடு சேர்ந்து யாரும் சாப்பிடவில்லை. அவர் அறைக்குள் நுழையும்போது, “கையக் கட்டிக்கிட்டு உக்காருங்கப்பா, டீச்சர் பாத்துருவாங்க” என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், “இங்க சம்பந்தம் வச்சா நாளைக்கு நம்மளயும் கூண்டுல ஏத்திருவாங்க” என்று சிரித்துக்கொண்டே எழுந்து போயிற்று. சிலர் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. அவர்களில் சிலர் இன்று இந்த மலரை வாங்கியிருப்பார்கள்.

அக்கா ஒன்றை மட்டும் விடாமல் செய்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் இசக்கியின் புது வகுப்பாசிரியரிடம் போய், அவனை முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்வார். அங்கே இருந்தால்தான் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும். பத்தாம் வகுப்பு வரை அவன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தான்.

செய்தது குறித்து வருத்தம் உண்டா என்று ஒரு முறை கேட்டேன்.

“சொன்னதுக்கு இல்லடா. ரெண்டு நாள் தவண குடுத்தேம்லா, அதுதான். உங்க அத்தானுக்காகக் குடுத்தேன். அந்த ரெண்டு நாளும் அந்தப் பையன் ஆஸ்பத்திரில கெடந்தான். உனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் போய்க் கேக்கல. நானும் போகல.”

ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் கண்டது. பள்ளியில் அவருக்கு வழியனுப்பு விழா நடக்கவில்லை. நோய் தெரிந்த வாரமே அத்தான் கடை வேலையை விட்டுவிட்டார். கஞ்சி ஊட்டியது, உடம்பு துடைத்தது, இரவில் விழித்திருந்தது எல்லாம் அவர்தான். அவர்கள் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அக்காவை எடுத்த அன்று இசக்கி வந்தார். இப்போது வடாலாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறார். மாடிப்படி ஏறி வந்தவரைக் கண்டதும் அத்தான் எழுந்து நின்றார். இசக்கி அவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றால்தான் இசக்கியின் வலது காதுக்குக் கேட்கும்.

“ஏதாச்சும் சாப்டீங்களா சார்?”

அத்தான் இல்லை என்று தலையாட்டினார். இசக்கி கீழே போய் டீ வாங்கிவந்து கொடுத்தார். பிறகு நாலு பேரில் ஒருவராக அக்காவைச் சுமந்து இறங்கினார்.

அக்காவின் கடைசி மாதங்களில் எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து ஊசி போட்ட இரண்டாம் மாடி செவிலியர் சகோதரிக்கும், எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைத்த பக்கத்து வீட்டாருக்கும், விக்ரோலியிலிருந்து மழையில் வந்து நின்ற பழைய மாணவிகளுக்கும், இசக்கிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் மகள் முலுண்டில் இருக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். “மாமா, சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்க, ப்ளீஸ்” என்று கேட்டிருந்தாள். இயன்றவரை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அத்தானிடம் காட்டப் போனேன். கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் என்னையே வாசிக்கச் சொன்னார். மகளும் உடன் இருந்தாள். செயலாளர், அம்மா, கீரைத் தட்டு எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். விசாரணையில் ஒரு அடி என்று பதிவானது வரை வந்தேன். வலது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“ஒண்ணு இல்ல மாப்ள, ரெண்டு. உங்க அக்கா பாத்தது ரெண்டாவது.”