குடிலில் தலைகீழாய் ஒரு நத்தை

என் மேசையில், நுண்ணோக்கிக்குப் பக்கத்தில், பாதி தீர்ந்த முகப்பவுடர் டப்பா ஒன்று நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு புது இனத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

ஜுராசிக் காலத்தில் கடலடியில் ஊர்ந்து, பிறகு கல்லாகிப்போன நத்தைகளைப் பார்த்து, இது இன்னது என்று சொல்வது என் வேலை. ஓட்டின் சுற்று, வரி, முடிச்சு, வாய் என்று அளந்து, ஏற்கெனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். கட்ச் பக்கம் நான் பொறுக்கிய ஒன்று மட்டும் என்னைப் படாத பாடு படுத்தியது. அச்சு அசல் பம்பரம். புது இனம் என்று மனசு அடித்துச் சொன்னது; ஆனால் ஏற்கெனவே பெயருள்ள ஓர் இனத்திலிருந்து கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் சிக்கவில்லை. "வித்தியாசத்தைக் காட்டு, இல்லையென்றால் பழைய பெயரிலேயே எழுதி முடி" என்றுவிட்டார் பேராசிரியர். அவரிடம் கேட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அதை ராயபுரத்து வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அத்தை, அதாவது என் மாமியார், குடில் கட்டினால் தெருவே வந்து பார்க்கும். கடற்கரை மணல், ஜல்லி, கிளிஞ்சல், எது கிடைத்தாலும் பெத்லகேமுக்குப் போய்விடும். ராயபுரத்தில் பனிக்கு எங்கே போவது? பவுடரைக் கொட்டுவார்.

கிறிஸ்துமஸ் காலை பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், கல்லைக் காணோம். கட்டிலடி, அலமாரி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் உருட்டினேன்.

"இன்னாம்மா தேடிகினு கீற?"

"நத்தைக் கல்லு அத்தை!"

"அதுவா? சொம்மா கெடந்துச்சேன்னு மாட்டாண்ட நட்டு வச்சிகீறேன். எவ்ளோ எடுப்பா கீது பாரு."

ஓடினேன். குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில், மாட்டின் காலடியில், கூர்முனையை மணலில் குத்தித் தலைகீழாக நட்டிருந்தார். வானத்தைப் பார்த்த அடிப்பக்கம் முழுக்கப் பவுடர். கோபம் தலைக்கேறியது. ஊதித் தள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மயிரிழைக் கோடுகள், சுற்றிச் சுற்றி நடுவரைக்கும் ஓடின! பழைய இனத்துக்கு அந்த இடம் வழவழவென்று இருக்கும். வரி தெரிய வெள்ளைப் பொடி பூசிப் படமெடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் நான் பக்கவாட்டில் மட்டும் பூசியிருந்தேன். அடிப்பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அத்தையைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். கல்லை எடுக்கப்போன கையை மட்டும் பட்டென்று தட்டிவிட்டார். "மூணு ராஜா திருநாள் வரிக்கும் குடில்ல கைய வைக்கக் கூடாது." அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள். என்ன செய்வது? தரையில் முழங்காலிட்டு, லென்ஸும் கையுமாகக் குடிலுக்குள் தலையை விட்டு, அந்த இனத்தின் முதல் விவரிப்பை எழுதினேன். குடில் பார்க்க வந்த பெண்கள் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் மண்டியிட்டார்கள்.

இனத்துக்கு அத்தை பெயரையே வைத்தேன். "போயும் போயும் நத்தைக்கா என் பேர வச்ச?" என்று நொடித்தவர், கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருத்தரை விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அசல் இப்போது அருங்காட்சியகத்தில். அதன் அச்சுவார்ப்பு எங்கள் வீட்டில். அத்தைக்கு முட்டி மடங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறார், குடில் கட்டுவது நான். இந்த வருஷமும் வார்ப்பை மாட்டின் காலடியில் தலைகீழாக நட்டு, மேசையிலிருந்து டப்பாவை எடுத்துவந்து லேசாகத் தூவினேன்.

"கஞ்சத்தனம் பண்ணாத, நல்லாக் கொட்டு" என்றார் அத்தை. "இன்னும் எதனா தெரிஞ்சாலும் தெரியும்."