குழியானை போட்ட கோலம்

என் கோலத்தில் ஏன் புள்ளியே இல்லை என்று துருவித் துருவிக் கேட்கிறாயே, உனக்கு வேறு வேலையே கிடையாதா? அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அதைப் பார்க்கத் துப்பில்லை. சரி, இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டுத் தொலை.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. எனக்கு வாத்தியார் குழியானைதான். மாட்டுக்கொட்டகை ஓரத்துப் புழுதியில் குழி பறித்து, எறும்பு எப்போது விழும் என்று உள்ளே காத்திருக்குமே, அந்தப் பூச்சி. அதைத் தோண்டியெடுத்து வெறும் புழுதியில் விட்டால், பின்பக்கமாகவே நகர்ந்து வளைந்து வளைந்து கோடு போடும். கடைசியில் ஒரு சுழி சுழித்து உள்ளே போய்விடும். அது போட்டதைப் பார்த்து நானும் பக்கத்தில் விரலால் போடுவேன்.

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாளாம். புள்ளி தவறிய வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியவள் என்று பேர். அக்காவோ மாப்பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தாள். அன்றைக்கென்று பார்த்து, விறகு எடுக்கப்போன அம்மாவின் கையில் குளவி கொட்டிவிட்டது. கை பணியாரமாக உப்பிவிட்டது.

"நீயே போடு சாமி. புள்ளி தப்புச்சோ, உன்ற அக்கா காலத்துக்கும் இந்த ஊட்டோடதான் கெடப்பா!"

வைத்தால்தானே தப்பும்? நான் புள்ளியே வைக்கவில்லை. வாசல் முழுக்கக் குழியானைக் கோட்டை இழுத்து, நடுவில் பெரிதாக ஒரு சுழியும் போட்டுவிட்டேன்.

கூண்டு வண்டியிலிருந்து இறங்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றது.

"ஏனுங்க, இதென்ன, நம்ம மலை மேல பாறையில செதுக்கியிருக்கற நாகருங்களா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமாங்க!"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொண்டுவந்த தட்டிலிருந்து குங்குமம் எடுத்துச் சுழியின்மேல் தூவினாள். கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாகரு காவல் இருக்கற ஊடு. பொண்ணைப் பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது? தட்டை மாத்திக்கலாமுங்க."

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இதை ஆரு அம்மிணி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க மாட்டுக்கொட்டாயில ஒரு வாத்தியார் இருக்காருங்க. வெத்தலை பாக்கெல்லாம் வேண்டாம், நாலு எறும்பு புடிச்சாந்தாப் போதும். ஆனா அவரு பின்பக்கமாவேதான் நடப்பாரு. கத்துக்கோணும்னா நீங்களும் அப்படியே நடந்து வாங்க."