கொலையாளி வேடம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை விளையாட்டு ஆடுவோம். எங்களில் ஒருவர் கம்பெனி எச்.ஆர். இஸ்திரி குலையாத சட்டை. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று ஆட்களிடம் சொல்வது அவர் வேலை. கேன்டீனில் அவர் மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஒருநாள், விளையாட்டில் கொலையாளி என்று தனி வேடம் தேவையா என்று பேச்சு வந்தது.

“திருடன் கையில கத்தியக் குடுத்தாப் போதும். அதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு?” என்றேன்.

“வேணுங்க. அந்தப் பாவத்த ஒருத்தன் தலையில கட்டிட்டா, மத்தவங்க ஒண்ணா உக்காந்து சாப்புடலாம்,” என்றார் அவர்.

“அப்ப நீங்களே அத எடுத்துக்குங்க.”

“இன்னிக்கு லீவுங்க,” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காயம் ஆற்றும் வைத்தியர் வேடத்தை எடுத்துக்கொண்டார்.